சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களும் கலாசாலைக் கல்வியும்

நம் நாட்டிலே ஆண்டுதோறும் பரீட்சை முடிபுகள் வெளிவருங் காலத்தில், வைத்தியக் கல்விக்கும் எந்திரக் கல்விக்கும் இடம்பெற்ற மாணாக்கரைச் சுற்றத்தார் கொண்டாடுதலும், மொழியும் இலக்கியமும் சரித்திரமும் தருக்கமும் சமயமுங் கற்றற்பொருட்டுக் கலைப்பீடம் புகும் மாணாக்கரை இரக்கத்தோடு நோக்குதலும் வழக்கமாகிவிட்டன. இக்கல்வியினால் வரும் பயன் யாது என்று தந்தையர் வினாவுகின்றனர். விடை கூற அறியாது மைந்தர் நாணித் தலைகுனிகின்றனர். கலாசாலையிற் புகுந்த முதலாண்டிலே, பள்ளிக்கூடத்திற் பயின்ற முறை வேறு, இங்கே வேண்டப்படும் முறை வேறு என்பது கண்டு திகைத்து, தாம் தகுதியில்லாதவரோ என்று மனந்தளர்வாரும் பலர். இவ்விருவகைக் கலக்கத்துக்கும் மருந்தாக அமைவது யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்து, தமிழுலகம் முழுவதும் புகழ்நாட்டிய இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களுடைய சரித்திரம். ஆதலின் அதனை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

பிள்ளையவர்கள் 1832-ம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12-ம் திகதி, புத்தூரை அடுத்த சிறுப்பிட்டி என்னுங் கிராமத்திலே, வைரவநாதபிள்ளை என்பவருக்கும் பெருந்தேவி அம்மையாருக்கும் புத்திரராய்ப் பிறந்தார். இளமையிலே தந்தையாரிடத்தே தமிழ் கற்றனர். பின்னர்ச் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரை அடைந்து இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டனர். அக்காலத்துத் தமிழ்க் கல்வி எத்தன்மையது என்பதை இக்காலத்து மாணாக்கர் அறிதல் நன்று. நிகண்டும் இலக்கணச் சூத்திரமும் முதலில் நெட்டுருப் பண்ணப்படும். பொருள் பின்னரே ஆசிரியர் வாயினின்று வரும். அச்சுப்புத்தகம் அரிது. மாணாக்கன் கல்வி அவன் நெஞ்சத்திலே இருந்தது. அவன் ஆசிரியரோடு உடனுறைந்து, அவர் சொல்லியவற்றைச் சிந்தித்து, தெளிந்தவற்றைத் திரும்பச் சொல்லிப் பழகுவான். இம்முறையினாலே ஞாபகசக்தியும் செய்யுளோசையிற் பயிற்சியும் மிகும். பிள்ளையவர்கள் பிற்காலத்திலே செய்த அருஞ்செயலுக்கு இப்பயிற்சியே முதல் வித்தாயிற்று.

இதன்மேல் அவர் புகுந்தது வட்டுக்கோட்டைச் செமினரி. அமெரிக்க மிஷனாராலே 1823-ம் ஆண்டு தாபிக்கப்பட்ட அக்கலாசாலை, இத்தேசத்திலே உயர்தரக் கல்வி புகட்டிய இடங்களுள் முதன்மையானவற்றுள் ஒன்றாய் விளங்கியது. ஆங்கிலம், தமிழ், கணிதம், வானசாத்திரம், தருக்கம், தத்துவம், பௌதிகம் என்னும் பலதுறைகளும் ஆங்கே போதிக்கப்பட்டன. மாணாக்கர் ஊரையும் வீட்டையும் பிரிந்து கலாசாலையிலேயே உறைந்து கற்றனர். பிள்ளையவர்கள் அங்கே கற்ற ஆண்டுகளுட் பலவற்றில் அதன் தலைவராயிருந்தவர் ஹொய்சிங்டன் பாதிரியார். அவர் நமது சைவசித்தாந்த நூல்களைத் தாமே கற்று, சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக்கட்டளை என்பவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854-ம் ஆண்டிலே அமெரிக்காவில் வெளிவரச் செய்தவர். பிற சமயத்தவராகிய ஒருவர் நம் நூல்களைக் கற்றற்கு இத்துணை முயன்றிருக்க, நம்மவர் அவற்றைப் பயனில்லாத கல்வியென்று தள்ளுதல் எத்துணை நாணத்தக்கது!

திண்ணையிலே நிகண்டு பயின்ற சிறுவர்க்கு அக்கலாசாலை புதியதோர் உலகமாயிருந்தது. முதலாவது தடை மொழி. தாய்மொழியிலே சிந்தித்தவற்றை அந்நியமொழியிலே சொல்லவும் எழுதவும் வேண்டியிருந்தது. இரண்டாவது தடை முறை. ஆசிரியர் சொல்லியதை அவ்வாறே ஒப்பித்தல் அங்கே அமையாது. ஒரு முடிபு எக்காரணத்தினாற் பெறப்பட்டது என்று காட்டல் வேண்டும். கணிதத்திலே நிரூபணமும், தருக்கத்திலே ஏதுவும், வானசாத்திரத்திலே கணிப்பும் கேட்கப்பட்டன. மூன்றாவது தடை எல்லாவற்றினும் பெரிது. அக்கலாசாலை கிறிஸ்து சமயப் பிரசாரத்தின் பொருட்டு எழுந்தது. பிள்ளையவர்கள் தாமும் கிறிஸ்தவச் சூழலிலே வளர்ந்தவர். அவருக்குத் தமிழறிவூட்டிய முத்துக்குமார கவிராயரோ கிறிஸ்து சமயத்தைக் கண்டித்து நூல் செய்தவர். ஒரு பாலிலே தமிழ் தந்த ஆசான். மற்றொரு பாலிலே ஆங்கிலமும் அறிவியலும் தந்த கலாசாலை. இவ்விரண்டற்கும் இடையே நின்ற இளைஞரது மனநிலையை நாம் உய்த்துணரலாம்.

இத்தகைய நிலையிலே நின்ற இளைஞர் பலர் செய்த பிழை இரண்டு. சிலர் புதியதைக் கண்டு அஞ்சிக் கல்வியை இடையே விடுத்தனர். வேறு சிலர் புதியதிலே மயங்கிப் பழையதை இகழ்ந்தனர். பிள்ளையவர்கள் இரண்டனுள் ஒன்றையுஞ் செய்திலர். ஆங்கிலத்தையும் கணிதத்தையும் தருக்கத்தையும் முயன்று கற்றனர். கவிராயரிடங் கற்ற தமிழையும் கைவிட்டிலர். 1852-ம் ஆண்டிலே கலாசாலைக் கல்வி முற்றியபின் கோப்பாயிலே ஆசிரியராய் அமர்ந்தனர். இருபது வயதை அடுத்த அவ்விளமையிலேயே குமரகுருபர சுவாமிகளுடைய நீதிநெறிவிளக்கத்தை உரையோடு அச்சிட்டு வெளிப்படுத்தினர். மிஷன் கலாசாலையினின்று வெளிவந்த ஓரிளைஞர் முதன்முதற் பதிப்பித்த நூல் சைவ முனிவர் ஒருவருடைய தமிழ்நூல் என்பது சிந்திக்கற்பாலது. பின்னாளிலே அவர் சைவசமயத்தின்கண் உறுதிபெற்று, சைவ மகத்துவம் என்னும் நூலையும் இயற்றினர்.

ஈண்டு ஒன்று சொல்லல் வேண்டும். 1855-ம் ஆண்டிலே வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. ஆங்கில உயர்கல்வி பெற்றவர்கள் மிஷன் ஊழியத்தை நாடாது உலகியல் உத்தியோகங்களையே நாடுகின்றனர் என்பதும், சமயப் பிரசாரத்துக்குத் தாய்மொழிக் கல்வியே போதும் என்பதும் அதனை நடத்தினோருடைய கருத்தாயின. கல்வியைத் தாம் கருதிய ஒரு பயனுக்கே கருவியாகக் கொண்டவர்கள், அப்பயன் கைகூடாதபோது கல்வியையே நிறுத்தினார்கள். கல்வியானது கொடுத்தவர் கருத்துக்கு அடங்கி நிற்பதன்று. கற்றவன் உள்ளத்திலே அது தன் வழியே வளரும். பிள்ளையவர்களே இதற்குச் சான்று.

அக்காலத்திலே பேர்சிவல் பாதிரியார் சென்னையிலே தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தினார். இவர் முன்னர் யாழ்ப்பாணத்தில் இருந்தபோது, விவிலிய நூலின் தமிழ் மொழிபெயர்ப்பிலே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்களைத் துணையாகக் கொண்டிருந்தவர். அவரது அழைப்பினாலே பிள்ளையவர்கள் சென்னை சென்று அப்பத்திரிகைக்கு ஆசிரியராயினர். சென்னை இராசதானிக் கல்லூரியிலும், கள்ளிக்கோட்டை அரசினர் பாடசாலையிலும் உபாத்தியாயராயிருந்து கற்பித்தனர். கடல்கடந்து வந்த ஊரிலே, பத்திரிகை எழுதுதலும் பாடஞ்சொல்லுதலுமாகிய தொழில்களுக்கு இடையே, அவர் தமது கல்வியை நிறுத்திலர்.

1857-ம் ஆண்டிலே சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பட்டது. அதன் முதல் பி. ஏ. பரீட்சையிலே தேறியவர் இருவர். இருவரும் யாழ்ப்பாணத்தவர். ஒருவர் பிள்ளையவர்கள். மற்றொருவர் கறோல் விசுவநாதபிள்ளையவர்கள். விசுவநாதபிள்ளையவர்கள் வட்டுக்கோட்டையிலே ஆசிரியராயிருந்தவர். பீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் எழுதியவர். ஆசிரியராயிருந்தவரும், அக்கலாசாலையிலே மாணாக்கராயிருந்தவரும் ஒரே பரீட்சைக்குத் தோற்றி ஒருங்கே பட்டம் பெற்றமை, கற்றற்கு வயது தடையன்று, பதவியும் தடையன்று என்பதை நாட்டுகின்றது. பரந்த சென்னை மாகாணம் முழுவதற்கும் உரிய சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் சிறிய யாழ்ப்பாணத்திலிருந்து சென்றவர் என்றால், அதற்குக் காரணம் திண்ணைப் பள்ளியிலே வேரூன்றிய கல்வியும் கலாசாலையிலே தழைத்த கல்வியும் ஒன்றுசேர்ந்தமையேயாம்.

அதன்பின் பிள்ளையவர்கள் சென்னை அரசாங்கத்து வரவுசெலவுக் கணக்குச்சாலையிலே உத்தியோகம் பெற்று உயர்ந்தனர். பகல் முழுவதும் எண்களோடு பழகும் வேலை. அவ்வேலைக்கு இடையே சட்டமுங் கற்று, நாற்பது வயதை அணுகிய 1871-ம் ஆண்டிலே பி. எல். பட்டம் பெற்றனர். இந்நிலையிலுள்ள ஒருவர் பொருளும் புகழும் தேடி வாழ்ந்திருந்தால் அவரைக் குறைகூறுவார் எவரும் இல்லை. ஆனால் அவர் உள்ளம் வேறிடத்தில் இருந்தது.

அக்காலத்திலே பண்டைத் தமிழ்நூல்கள் பெரும்பாலும் பனையேடுகளிலேயே கிடந்தன. ஏடு நெடுங்காலம் நில்லாது. செல்லரிக்கும், பூச்சி துளைக்கும், ஓரம் ஒடியும். பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதுவார் இருந்த வரையும் நூல்கள் உயிரோடிருந்தன. எழுதுவார் குறைந்தபோது நூல்கள் ஒவ்வொன்றாய் மறையத் தொடங்கின. ஒரு வீட்டின் பரண்மேற் கிடந்த ஒரு சுவடி அழிந்தால், அதனோடு ஒரு நூலே உலகினின்று ஒழிந்துபோதலுங் கூடும். பிள்ளையவர்கள் இதனை உணர்ந்து, எஞ்சியவற்றையேனும் அச்சேற்றிக் காத்தல் தமது கடன் எனத் துணிந்தனர்.

இத்தொழிலின் அருமையைச் சிறிது விளக்குவாம். ஏடுகளிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவிலே வேற்றுமை தோன்றாது. நெடிலைக் குறிக்குங் காலும் ரகரமும் ஒருபடித்தாயிருக்கும். செய்யுளும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து செல்லும். எழுதினோர் செய்த பிழைகள் பிரதிதோறும் வேறுபடும். ஆகவே ஏட்டை வாசித்தல் என்பது கண்ணாற் பார்த்தல் மாத்திரமன்று. ஒவ்வொரு சொல்லையும் இலக்கணத்தாலும் யாப்பாலும் பொருளாலும் ஆராய்ந்து நிறுத்தலேயாம். பல பிரதிகளை ஒப்புநோக்கி, எப்பாடம் மூலபாடமாதல் கூடும், எது எழுதினோர் பிழையால் வந்தது என்று சீர்தூக்கி முடிபு செய்தல் வேண்டும்.

இவ்வேலைக்கு வேண்டிய தகுதிகள் எவை? ஓசையறிந்து சொற்பிரிக்குந் தமிழ்ப்பயிற்சி முதலாவது. அது கவிராயரிடத்துப் பெற்றது. ஏதுக்கொண்டு முடிபு காணுந் தருக்கப்பயிற்சி இரண்டாவது. அது கலாசாலையிலே பெற்றது. சாட்சிகளை ஒன்றோடொன்று வைத்து நிறுக்கும் நுட்பம் மூன்றாவது. அது சட்டக்கல்வியினால் வலிபெற்றது. சிறு பிழையையும் விடாது தேடும் பொறுமை நான்காவது. கணக்குச்சாலையிலே நெடுங்காலம் இருந்தவர்க்கு அது கைவந்ததாயிருத்தல் இயல்பே. வெவ்வேறிடத்திலே, வெவ்வேறு காலத்திலே, ஒன்றற்கொன்று இயைபில்லாதன போலக் கற்ற கல்விகளெல்லாம் ஏட்டின் முன்னே ஒன்றுகூடின. கற்கும்போது இதனாற் பயன் யாது என்று ஒவ்வொன்றையும் வினாவித் தள்ளியிருந்தால், அவ்வேடுகளின் முன்னே அவர் வெறுங்கையோடு நின்றிருப்பார்.

1868-ம் ஆண்டிலே தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு பிள்ளையவர்களால் வெளியிடப்பட்டது. அதனைப் பரிசோதித்துக் கொடுத்தவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள். சர்வகலாசாலைப் பட்டம் பெற்ற ஒருவர், பட்டம் ஒன்றும் பெறாத நாவலரவர்களுடைய புலமைக்கு அடங்கி நின்று தம் பதிப்பைத் திருத்துவித்தமை கல்வியழகாகும். நாவலரவர்கள் 1879-ம் ஆண்டிலே சிவபதமடைந்தபின் பிள்ளையவர்கள் இத்தொண்டைத் தனித்து நின்று நடத்தினர். வீரசோழியம் 1881-லும், இறையனாரகப்பொருளுரையும் தணிகைப்புராணமும் 1883-லும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885-லும், கலித்தொகை 1887-லும், இலக்கணவிளக்கமும் சூளாமணியும் 1889-லும், தொல்காப்பிய எழுத்ததிகாரம் நச்சினார்க்கினியருரையோடு 1891-லும், சொல்லதிகாரம் நச்சினார்க்கினியருரையோடு 1892-லும் வெளிவந்தன. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சேறியது அவர் பதிப்பித்த கலித்தொகையே.

இவற்றுள் வீரசோழியம் பௌத்தரால் இயற்றப்பட்டது. சூளாமணி சமணகாவியம். சைவத்திலே உறுதிபெற்ற பிள்ளையவர்கள் இவற்றைப் புறச்சமயத்தார் நூல்களென்று விலக்கிலர். மொழியின் செல்வம் சமயத்தின் எல்லையைக் கடந்தது என்பதை அவர் உணர்ந்திருந்தனர். தன் சமயத்திலே உறுதியுள்ளவன் பிறர் நூலைக் கற்க அஞ்சான். உறுதியில்லாதவனே அஞ்சுவான். கலைக்கல்வியினால் வரும் பயன்களுள் இவ்வகலமான நோக்கும் ஒன்று.

பதிப்புவேலையிலே அவர் தமது கைப்பொருளைப் பெரிதுஞ் செலவிட்டனர். நூல்களை வாங்குவார் சிலர். குற்றங்கூறுவார் பலர். அவருடைய பதிப்புக்களிலே குறைகள் இல்லை என்று நாம் கூறமாட்டோம். பொருளதிகாரத்தின் இறுதியிலுள்ள நான்கு இயல்களின் உரையையும் நச்சினார்க்கினியருடையதாகவே அவர் வெளியிட்டனர். அது பேராசிரியருரை எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் காட்டினர். ஆயினும் அவ்வுரையை அவர் அச்சேற்றியிராவிடின் ஆராய்ச்சியாளர் ஆராய்தற்கு எதனைக் கொண்டிருப்பார்? முதல் வழி வெட்டுவோன் காலிலே முள் தைக்கும். பின் வருவோன் அவ்வழியே இனிது நடப்பான்.

1882-ம் ஆண்டிலே உத்தியோகத்தினின்று ஓய்வுபெற்றபின், பிள்ளையவர்கள் கும்பகோணத்திலே நியாயவாதியாயிருந்தனர். அவ்வூர்க் கல்லூரியிலே அக்காலத்தில் தமிழாசிரியராயிருந்தவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள். இருவரும் பழகினர். சீவகசிந்தாமணியை யார் பதிப்பிப்பது என்பதிலே இருவர்க்கும் விருப்பம் மாறுபட்டதும் உண்டு. ஈற்றில் ஐயரவர்களே அதனை 1887-ல் வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே பிள்ளையவர்கள் கலித்தொகையை வெளியிட்டனர். இருவர் முயற்சியாலும் ஓராண்டிலே தமிழ்த்தாய் இரண்டு அணிகலன்களை மீளப்பெற்றாள்.

தாம் பெற்ற கல்வி தம்மூர்ச் சிறுவர்க்குங் கிடைத்தல் வேண்டும் என்பதனையும் அவர் மறந்திலர். 1876-ம் ஆண்டிலே யாழ்ப்பாணத்து ஏழாலையிலே சைவத் தமிழ் வித்தியாசாலை ஒன்றைத் தாபித்தனர். சுன்னாகம் அ. குமாரசுவாமிப்புலவரவர்கள் அங்கே ஆசிரியராயிருந்து கற்பித்தனர். மிஷன் பாடசாலைகளே கல்விக்கு வாயிலாயிருந்த காலத்தில், சைவப் பிள்ளைகள் தம் சமயத்தை விடாது கற்றற்கு ஓரிடம் வேண்டும் என்பதைத் தமது அனுபவத்தினாலேயே அறிந்தவர் அவர். பின்னர்ப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலே நீதிபதியாய் அமர்ந்து கடமையாற்றினர். 1895-ம் ஆண்டிலே அரசினர் அவருக்கு இராவ்பகதூர் என்னும் பட்டத்தை அளித்தனர். 1901-ம் ஆண்டு சனவரி மாதம் முதலாந் திகதி, சென்னைப் புரசைவாக்கத்திலே, 68-வது பிராயத்தில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தனர்.

மாணாக்கர்காள், அவர் வகித்த பதவிகளை இன்று நினைப்பார் யார்? கணக்குச்சாலையிலே அவர் சரிபார்த்த வரவுசெலவுகள் அக்காலத்தோடு ஒழிந்தன. நீதிமன்றத்திலே அவர் சொல்லிய தீர்ப்புக்களும் அவ்வாறே. அவர் காத்த கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் தமிழ் கற்பார் எங்கும் இன்றும் ஓதுகின்றனர். ஊதியம் தந்த கல்வி அவர் உடம்பைக் காத்தது. ஊதியந் தராத கல்வி ஓரினத்தின் நினைவைக் காத்தது. இரண்டும் வேண்டும். வைத்தியனும் எந்திரியும் நாட்டுக்கு இன்றியமையாதவர்கள். ஆனால் நாம் யார், எங்கிருந்து வந்தோம், எதனை நன்றென்றும் எதனைத் தீதென்றுங் கொண்டோம் என்பவற்றை எடுத்துரைக்கும் கல்வியில்லாத சாதி, ஏடு செல்லரித்த வீடு போல வெறிதாகும்.

இராமநாத வள்ளல் 1921-ம் ஆண்டிலே நிறுவிய பரமேசுவரக் கல்லூரி நிலத்திலே, 1974-ம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கப்பெற்றது. இன்று நம் பிள்ளைகள் உயர்கல்வி பெறக் கடல் கடக்க வேண்டுவதில்லை. ஆங்கே கலைப்பீடம் புகும் மாணாக்கர் முதலாண்டிலே தடுமாறுதல் குற்றமன்று. பாடமாக்கிய பழக்கத்தை இகழாது, அதன்மேல் வினாவும் பழக்கத்தை ஏற்றிக்கொள்க. ஆங்கில நூல் விளங்காதபோது அதனை விட்டோடாது நாடோறுஞ் சில பக்கமேனும் பொருளறிந்து கற்க. ஆசிரியர் சொல்லியதை எழுதிவைப்பதோடு அமையாது, அதற்கு ஏது யாது என்று தம்முள்ளே கேட்க. வெவ்வேறாகத் தோன்றும் பாடங்கள் ஒருநாள் ஒன்றுகூடும் என்று நம்புக. பெற்றோரும், மைந்தர் கற்கும் நூலின் விலையை முதல்மாதச் சம்பளத்தினால் அளவிடாதிருப்பாராக.

சிறுப்பிட்டித் திண்ணையினின்று சென்னைச் சர்வகலாசாலை வரையும் சென்ற பெருந்தகையாருடைய முயற்சி, நம் இளைஞர் உள்ளத்திலே மீண்டும் முளைத்துத் தழைக்குமாறு எல்லாம்வல்ல சிவபெருமான் திருவருள் புரிவாராக.

திருச்சிற்றம்பலம்.